படுதாவில் பதிந்த கை

உங்கள் தோள்பையில் அச்சடித்திருக்கும் நீலக் கையைப் பற்றி நம் நிலையத்தின் முன்னாள் இயக்குநர் சொல்லிவருவது பொய். தெரிந்தே சொல்லும் பொய்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கு அவர் வகுப்பு எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய படுதாவைக் காட்டி, "மக்கள் தாங்களாகவே முன்வந்து பதித்த கை இது. பங்கேற்புச் செயல் ஆய்வு என்றால் இதுதான்" என்றாராம். நீங்களும் குறிப்பெடுத்துக்கொண்டீர்களாம். அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள். அந்தப் படுதாவைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனவன் நான். அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

எனக்கு நயமாக எழுத வராது. தேனியில் லேத் பட்டறையில் இருந்தவன். மாதிரிக் கருவி செய்ய ஆள் வேண்டும் என்று இயக்குநர் என்னை எடுத்துக்கொண்டார். தொழிலை அவரிடம்தான் கற்றேன், அதை மறைக்கவில்லை. "கருவி செய்கிறவன் முதலில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கருவியைப் பிடிக்கிறவன் பேசட்டும்" என்பார். என் பட்டறையில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அவர் சொன்னால் கிணற்றில் குதித்திருப்பேன். அதுதான் பின்னால் வினையாயிற்று.

எண்பதுகளின் தொடக்கம். காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே ஒரு திராட்சைத் தோட்டம். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கொடி கூரை மாதிரி மூடியிருக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே பச்சை வெளிச்சம். குளத்துக்கு அடியில் நடக்கிற மாதிரி இருக்கும். அந்தக் கூரைக்கு மருந்தடிக்க வேண்டுமென்றால் கீழே நின்று அண்ணாந்து அடிக்க வேண்டும்.

"மேல அடிச்சா நம்ம மூஞ்சியிலதேன் சார் விழுகுது," என்றார் மொக்கச்சாமி. மருந்தடிக்கிற செட்டில் வயதில் மூத்தவர், வாய் ஓயாதவர். "கொடிக்குப் பாதி, நமக்குப் பாதி. பூச்சி சாகுதோ இல்லையோ, எங்க மூஞ்சியில ஒரு பூச்சி அண்டாது."

முகத்தில் விழாத ஸ்பிரேயர் செய்வதுதான் எங்கள் வேலை. தேனியில் உட்கார்ந்து வரைந்து அனுப்புவதில்லை. மருந்தடிக்கிறவர்களே குறையைச் சொல்லி, எங்களோடு சேர்ந்து செய்து, அடித்துப் பார்த்து, சரியில்லை என்றால் மறுபடி மாற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு கூட்டம். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது இயக்குநர் போட்ட விதி.

"மருந்தடிக்கிற ஆட்களெல்லாம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பம்புசெட்டுக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் ஆண்கள். ஒரு பெண் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாங்கள் வட்டமாக உட்கார்ந்தோம். வட்டத்தில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் கிடையாது என்று இயக்குநர் சொன்னார். அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே நானும் தலையாட்டினேன்.

இரண்டாம் கூட்டத்துக்குத்தான் படுதாவைக் கொண்டுபோனேன். லாரிச் சரக்கை மூடுகிற கித்தான், கனமானது. ஒருவரை அதன்மேல் படுக்கச் சொல்லி உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு இழுப்பது. பிறகு ஒவ்வொருவரும் விரலை மருந்தில் சேர்க்கிற நீல மயில்துத்தக் கரைசலில் தோய்த்து, எங்கே எரிகிறதோ அங்கே பொட்டு வைப்பது. வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவனும் விரலால் சொல்லிவிடுவான். சின்னக்காளை நல்ல நெடுநெடு உயரம். அவரைப் படுக்கச் சொன்னோம். கையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு படுத்தார்.

"ஏலே, மூச்சையாவது விடுடா," என்றார் மொக்கச்சாமி. "பார்க்கிறவக மாலை வாங்கப் போயிருவாக."

எல்லோரும் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் படுதா மேல் இருந்த ஆளின் கண்ணிலும் நெற்றியிலும் கழுத்திலும் மணிக்கட்டிலும் நீலப் பொட்டுகள். நெஞ்சில் ஒன்றும் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரத்தில் கருவி தயாரானது. வளைந்த குழாய், முனையில் மெல்லிய துளையுள்ள நாசில். மருந்து துளியாகப் போகாமல் புகையாகப் போய் இலையில் ஒட்டியது. முகத்தில் விழவில்லை. சின்னக்காளை ஒரு வரிசை முழுக்க அடித்துவிட்டு வெளியே வந்து, கன்னத்தைத் தடவிப் பார்த்து, "காஞ்சு கெடக்கு சார்" என்றார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இன்றும் அந்த நாசில் நல்ல நாசில்தான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. துளை மெல்லியதாகையால், துத்தத்தோடு கலக்கிற சுண்ணாம்பில் கரையாமல் நிற்கும் கப்பி வந்து அடைத்துக்கொண்டது. கூட்டத்தில் அதைச் சொன்னார்கள். "கலக்கும்போதே நல்லாக் கரைச்சு, துணியில ரெண்டு தரம் வடிகட்டிட்டா அடைக்காது" என்றேன். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. "கலக்குற ஆளுகிட்டச் சொல்லிர்றோம்" என்றார் சின்னக்காளை. அந்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, பம்புசெட் அறையில் துத்தச் சாக்குமேல் விரித்து வைத்திருந்த படுதாவை வெளியே எடுத்துப் போட்டோம். சின்னக்காளையின் உருவத்தில், நெஞ்சுக்கு நடுவில் ஒரு கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை அழுந்தப் பதிந்த நீலக் கை.

"யாரப்பா வச்சது?" என்றேன்.

யாரும் வைக்கவில்லை என்றார்கள். மொக்கச்சாமிக்கு வேடிக்கையாக இருந்தது. "ஏலே சின்னக்காளை, உன்னைய எவளோ நெஞ்சத் தொட்டுப் பார்த்திருக்காடா!" என்றார். வரிசையாக ஒவ்வொருவரும் தங்கள் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள். ஏழு பேர் கையும் பெரிது. என் கையும் பெரிது. சின்னக்காளை கடைசியாக வைத்தார். விரலுக்கு விரல் ஒரு கணு வெளியே நின்றது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

மறுநாளிலிருந்து கை வேறு இடங்களிலும் தென்பட்டது. கல்தூணின் அடியில், முழங்கால் உயரத்தில் ஒன்று. பம்புசெட் கதவின் கீழ்ப்பலகையில் இரண்டு. மோட்டார் மேடையில் ஒன்று. ஒருநாள் மொக்கச்சாமியின் தூக்குவாளி மூடியில். எல்லாம் தாழ்வான இடங்கள். நின்றுகொண்டிருக்கிற ஆள் வைக்கிற உயரம் இல்லை.

என்னைப் பயமுறுத்தியது ஒரு வியாழக்கிழமை. காலை பதினோரு மணி. அந்த நேரத்தில் பந்தலுக்கு அடியில் காற்று அசையாது. மருந்தடிக்கத் தொடங்கிய பிறகு தேனீயும் இல்லை, குருவியும் இல்லை. ஸ்பிரேயரின் உஸ்ஸென்ற சத்தம் நின்றால் காதுக்குள் நம் ரத்தம் ஓடுவது கேட்கும். நானும் சின்னக்காளையும் ஏழாம் வரிசைக்குள் போனோம். தூணடியில் ஒரு கை. தொட்டுப் பார்த்தேன். ஈரம். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு அப்போதுதான் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. வரிசையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பச்சை வெளிச்சமும் தூண்களும்தான். யாரும் இல்லை.

"சார், இங்கன நிக்க வேண்டாம்," என்றார் சின்னக்காளை. குரலே மாறியிருந்தது. "என் நெஞ்சுலதான மொதல்ல வச்சுச்சு. என்னையத்தேன் தேடுது."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாள், பதினோரு மணிக்கு முன்னால் வெளியே வந்துவிடுவோம் என்ற நிபந்தனையோடு வந்தார்கள். இரண்டிரண்டு பேராகவே போனார்கள். தோட்டத்து முதலாளி கூப்பாடு போட்டார்.

என் நோட்டில் இதை எழுதவில்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி. அவர்கள் பேய் என்றார்கள். நான் "வருகை குறைவு" என்று எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டுச் சிரித்தார். "மூடநம்பிக்கையைத் துடைப்பதும் நம் வேலைதான். டெல்லியிலிருந்து நம் ஆய்வைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் ஆட்களை வழிக்குக் கொண்டுவாருங்கள்" என்றார். மக்கள் பேசட்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த அதே மனிதர்.

நீங்கள் களத்துக்குப் போகும்போது யாராவது பேய் என்று சொன்னால் பேய் என்றே எழுதுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் என்றும் எழுதுங்கள். நான் எழுதியிருந்தால் முழங்கால் உயரம் என்பது ஒரே நாளில் என் கண்ணில் பட்டிருக்கும். யார் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், யார் மருந்துக் குடத்தைத் தூணடியில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள், யார் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள் என்று கேட்டிருப்பேன்.

பேயை நான் கண்டுபிடிக்கவில்லை. அதுவாக என் முன்னால் வந்தது. ஒருநாள் சீக்கிரமே போய், பம்புசெட் அறைக்குள் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். உள்ளே அரை இருட்டு. கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு கை வந்து அழுந்தியது. நீலக் கை, முழங்கைவரை நீலம். பிறகு அந்தக் கையை ஊன்றி ஒரு பெண் மெல்ல எழுந்தார். கதவைத் தாண்டி உள்ளே வந்து, என்னைக் கவனிக்காமல் துத்தச் சாக்கை நோக்கி நடந்தார். அவர் நடந்தபோது கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது, கண் தெரியாதவர் தடவுவது போல. கையை ஊன்றிய இடம் எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் கூட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெண். சின்னக்காளையின் மனைவி பேச்சியம்மா.

"நீங்கதேன் இங்கன எல்லாம் கை வைக்கிறதா?" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

"நான் எங்கய்யா வச்சேன்?" என்றார்.

கதவைக் காட்டினேன். பார்த்தார். மோட்டார் மேடையைக் காட்டினேன். பார்த்தார். அவர் முகத்தில் பொய் இல்லை. படுதாவை இழுத்து விரித்து, நெஞ்சில் இருந்த கையைக் காட்டினேன். "இது?"

"இது அவுக உருவமாச்சே," என்றார் மெதுவாக. "இதுல நான் எதுக்குக் கை வைக்கப் போறேன்?"

அவர் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையின்மேல் வைத்தேன். விரலுக்கு விரல், ரேகைக்கு ரேகை பொருந்தியது. பேச்சியம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கையைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வச்சிட்டீகளா?" என்று கேட்டார்.

"தெரியலையா?" என்றேன்.

"விரல் மரத்துப் போச்சுய்யா. வடிகட்டச் சொன்னாகள்ல, அதுலருந்து. துணியப் பிழிஞ்சு பிழிஞ்சு... முந்தியெல்லாம் கம்ப வச்சுக் கலக்கிட்டுப் போயிருவேன். இப்ப கப்பி இருக்கக் கூடாதுன்னாக. கைய விட்டுப் பிசைஞ்சாத்தேன் கப்பி தெரியுது. இப்ப அதுவும் தெரியல."

மூலையில் அடுப்பிலிருந்து இறக்கிய டீ இருந்தது. ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பித்தளைத் தம்ளர். நான் துண்டால் பிடித்துக் கொடுத்ததை அவர் வெறுங்கையால் வாங்கினார். இறுகப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் ஊதி ஊதிக் குடித்தார். கீழே வைத்தபோது உள்ளங்கையில் நீலத்துக்கு அடியில் தோல் வெந்து சிவந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த அரை இருட்டிலும் அவர் கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

நீலம் துத்தத்தால் வந்தது. துத்தம் இத்தனை செய்யாது. அதே பீப்பாயில் ஊற்றிக் கலந்த புதுப் பூச்சி மருந்துதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஏழு ஆண்களின் முகத்திலிருந்து நான் விலக்கிய விஷத்தை ஒரு பெண்ணின் இரண்டு கைக்கு அனுப்பியிருந்தேன். துணியில் ரெண்டு தரம் வடிகட்டுங்கள் என்று நான் சொன்ன ஒரே வாக்கியத்தால்.

அன்று மத்தியானமே பஸ் பிடித்துத் தேனிக்குப் போய் இயக்குநரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தம்ளரையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது.

"நம்ம ஆய்வு மருந்தடிக்கிறவர்களைப் பற்றியது," என்றார். "கலக்குகிறவர்களைப் பற்றி இல்லை. நடுவில் ஆட்களை மாற்றினால் இதுவரை செய்ததெல்லாம் கெட்டுவிடும். செவ்வாய்க்கிழமை பார்வையாளர்கள் வந்து போகட்டும். அதன் பிறகு அடுத்த கட்டமாக அந்த அம்மாவை எடுத்துக்கொள்வோம்."

"அதுவரை கலக்க வேண்டாம்னு சொல்லட்டுமா?"

"கலக்காமல் செவ்வாய்க்கிழமை எதை அடித்துக் காட்டுவீர்கள்?"

அவருக்குப் பதில் நானே கலக்கியிருக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் கேட்டிருக்கலாம். நாசிலைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டியிருக்கலாம். இந்த மூன்றும் எனக்கு அன்றே தோன்றின. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வட்டத்தில், அது பேய் இல்லை, பேச்சியம்மாவின் கைதான் என்று சொன்னேன். கை மரத்துப்போனதையும் சொன்னேன். ஆனால் அவர்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மொக்கச்சாமி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அட, நம்ம பேச்சியா! ரெண்டு வாரமாக் கஞ்சி எறங்காம அலைஞ்சமேடா! ஏலே சின்னக்காளை, உன் பொண்டாட்டியப் பார்த்தாடா ஓடி ஒளிஞ்ச?"

"வீட்டுலயும் அவளுக்குப் பயந்துதான ஒளியிறேன்," என்றார் சின்னக்காளை.

எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயம் விட்டுப் போன சிரிப்பு. யார் என்று தெரியாதவரை அந்தக் கைக்கு ஏழு ஆண்கள் நடுங்கினார்கள், வேலையை நிறுத்தினார்கள். பேச்சியம்மாவின் கை என்று தெரிந்ததும் மறுநாள் நேரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். பேயாகவே விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்று இத்தனை வருடத்தில் பல முறை யோசித்துவிட்டேன்.

பார்வையாளர் வருகைக்காகப் பம்புசெட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னார் இயக்குநர். நான்தான் ஆள் வைத்து அடித்தேன். கைகள் எல்லாம் மறைந்தன. மருந்து கலக்கும் பீப்பாய் கொடி வரிசைக்கு முன்னால் இருப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பின்னால் தள்ளுங்கள் என்றார். நான்தான் பிடித்து உருட்டி, பம்புசெட்டுக்குப் பின்பக்கம் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். சின்னக்காளை வளைந்த குழாயைப் பிடித்து அடித்துக் காட்டினார். மொக்கச்சாமி அவர்களிடமும் தன் பூச்சிக் கதையைச் சொன்னார், மொழிபெயர்த்ததும் சிரித்தார்கள். படுதாவை இரண்டு கம்புக்கு நடுவில் கட்டி நிறுத்தியிருந்தோம். நெஞ்சில் இருந்த கையைக் காட்டி வந்தவர்களில் ஒருவர் ஏதோ கேட்டார். இயக்குநர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மக்கள் தாங்களாக வைத்த கை என்று சொன்னது எனக்குப் புரிந்தது. அவர் மனதில் அந்தப் பொய் பிறந்த இடம் அதுதான். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

டாங்கில் மருந்து தீர்ந்தது. "பேச்சி, இன்னொரு குடம்!" என்று சின்னக்காளை குரல் கொடுத்தார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். பந்தலுக்கு அடியில் அவர் குரல் எங்கும் மோதாமல் அப்படியே அடங்கியது. மணி பார்த்தேன். பதினொன்று.

நான்தான் பின்பக்கம் போனேன்.

முதலில் சுவரைத்தான் பார்த்தேன். முந்தின நாள் அடித்த வெள்ளை, கண் கூசும் வெள்ளை. அதில் நீலக் கைகள். முதல் கை நெஞ்சு உயரத்தில். அடுத்தது அதற்கு ஒரு சாண் கீழே. அடுத்தது இன்னும் கீழே. மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே வந்தன. எண்ணிக்கொண்டே என் கண்ணும் இறங்கியது. ஆறாவது கை தரையைத் தொடுகிற இடத்தில், விரல்கள் இழுபட்டு நீண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது, நுரையோடு. பீப்பாய் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் முதல் கை விழும்போதே ஏழு பேரும் பார்த்திருப்பார்கள்.

டிராக்டரில் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்னிடம் கேட்டார்: எத்தனை நாளாக இந்த மருந்தைத் தொடுகிறார், எப்போது மரத்தது, முன்னால் மயக்கம் வந்ததுண்டா? என் கையில் நோட்டு இருந்தது. ஏழு ஆண்களின் கண் எரிச்சல் வாரம் வாரமாக இருந்தது. மொக்கச்சாமியின் கழுத்துக் கொப்புளத்துக்கு அரைப் பக்கம் இருந்தது. பேச்சியம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே நின்றேன். டாக்டர் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் பேச்சியம்மா இறந்துபோனார்.

அந்தச் சுவருக்கு முதலாளி மறுபடி வெள்ளையடித்தார். ஒரு வாரத்தில் வெள்ளைக்கு மேலே நீலம் ஊறி வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. துத்தம் சுண்ணாம்பில் ஊறும், அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சுவர்ப் பக்கம் நான் தனியாகப் போனதில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு சுவரையே இடித்துவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு சின்னக்காளை தேனி அலுவலகத்துக்கு வந்தார். மொட்டைத் தலை. இயக்குநர் முன்னால் நின்றுகொண்டே பேசினார்.

"அந்தப் படுதாவக் குடுத்திருங்க சார். அவளுக்கு ஒரு போட்டோகூட இல்ல. அந்தக் கை ஒண்ணுதேன் இருக்கு. என் நெஞ்சுல வச்சது."

"அது ஆய்வு ஆவணம்பா," என்றார் இயக்குநர். "நிலையத்துக்குச் சொந்தம்."

சின்னக்காளை என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

நான் இயக்குநரின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு, "எங்க ஏழு பேர உக்கார வச்சீகளே, அவளையும் ஒரு ஓரமா உக்காருன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பேச்சியம்மா இறந்தது அறிக்கையில் இல்லை. அறிக்கையை எழுதியவர் இயக்குநர், வரைபடம் போட்டவன் நான். இரண்டு வருடத்தில் அந்தக் கை நிலையத்தின் சின்னமானது. கடிதத்தாளில், ஜீப் கதவில், இப்போது உங்கள் தோள்பையில். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சின்னம் போட்ட சம்பள உறையை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை நல்லவன் என்று நினைத்து இதைப் படிக்காதீர்கள்.

பங்கேற்பு என்ற சொல்லை உங்களுக்கு நிறையப் பேர் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்த பிறகு எழுந்து போய், தண்ணீர் கொண்டுவந்து வைத்தது யார் என்று பாருங்கள். நீங்கள் ஒருவர் சிரமத்தைக் குறைத்தால் அது எங்கே போய் இறங்கியது என்று தேடுங்கள். அது தொலைந்து போவதில்லை, யார் கையிலாவது இருக்கும்.

இப்போது உங்களைவிட்டு அவரிடம் பேசுகிறேன்.

அய்யா, ஆண்டு விழாவில் அந்தப் படுதாவுக்கு முன்னால் நின்று நீங்கள் பேசப் போவதாக அழைப்பிதழ் வந்திருக்கிறது. நான் வருகிறேன். தனியாக வரவில்லை. சின்னக்காளை உயிரோடுதான் இருக்கிறார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். பீப்பாயைப் பின்னால் உருட்டியது நான், வெள்ளையடித்தது நான், துணியில் வடிகட்டச் சொன்னது நான் என்று கூட்டத்தில் எழுந்து நின்று நான் முதலில் சொல்கிறேன். பிறகு நீங்கள் சொல்ல வேண்டும். எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். நான் வந்து தம்ளர் கதையைச் சொன்ன பிறகும் ஏன் செவ்வாய்க்கிழமைவரை அவரைக் கலக்க வைத்தீர்கள்? மனைவியின் கையைக் கேட்டு வந்தவரை ஏன் வெறுங்கையோடு அனுப்பினீர்கள்? அந்தக் கை யாருடையது? மைக்கைப் பிடித்து, இந்தப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும், சின்னக்காளையின் முகத்தைப் பார்த்து, பெயரோடு சொல்லுங்கள்.